பிரஷரும் மூளையின் கடைமடையும்

போன மாசம் சின்னசேலம் போயிருந்தேன். அப்பா பிரஷர் மாத்திரையை நிறுத்தி நாலு மாசம் ஆச்சாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல 2021-லிருந்து மாத்திரை வீடு தேடி வருது. வந்தது அப்படியே அலமாரியில இருக்கு. கேட்டா, "தலைவலி இல்ல, கிறுகிறுப்பு இல்ல, எதுக்குப்பா சும்மா முழுங்கணும்?"ங்கிறார். எனக்கும் சரியா பதில் சொல்லத் தெரியல. அதான் இந்த எபிசோட்.

பிரஷர்னா ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக்னு எல்லாருக்கும் தெரியும். அது மூளையோட வெண்பொருளை வருஷக்கணக்கா சத்தமில்லாம அரிக்கிறது தெரியறதில்ல. வெண்பொருள்னா கேபிள். மூளையின் ஒரு பகுதியை இன்னொரு பகுதியோட இணைக்கிற நரம்பிழைகள். அதுமேல மயலின்னு கொழுப்பு உறை இருக்கு, வெள்ளை நிறம் அதனாலதான். உறை இருக்கிற தடிமனான இழையில சிக்னல் நொடிக்கு 100 மீட்டர் வரைக்கும் பாயும். உறையே இல்லாத மெல்லிய இழையில ஒரு மீட்டர் பக்கம்தான்.

சரி, பிரஷர் அதிகம்னா ரத்தம் இன்னும் நல்லாத்தானே பாயணும்? நானும் அப்படித்தான் நினைச்சேன். நடக்கிறது நேர் எதிர். கோமுகி அணையில தண்ணி திறந்தா மதகு பக்கத்து வயல் முதல்ல நனையும், கடைமடை காத்துக் கிடக்கும். மூளையில ஆழமா இருக்கிற வெண்பொருள்தான் கடைமடை. அங்க போற ரத்தக்குழாய் நீளம், முடியை விட மெலிசு, அடைச்சா மாத்து வழி கிடையாது. வருஷக்கணக்கா அழுத்தம் இடிச்சா குழாய்ச் சுவர் தடிச்சு இறுகுது, உள் வழி குறுகுது. சில இடத்துல சுவர் கசியவும் செய்யுது. மயலின் தயாரிக்கிற செல்களால ஆக்சிஜன் குறைவைத் தாங்க முடியாது. எம்.ஆர்.ஐ.யில அந்த இடங்கள் வெள்ளைத் திட்டுகளா தெரியும்.

இங்க ஒண்ணு கவனிக்கணும். முதல்ல வர்றது பெரும்பாலும் மறதி இல்ல, மெதுவாகிறது. நம்ம பாஷையில, டேட்டா அழியல, லேட்டன்சி ஏறுது. பேர் ஞாபகம் வரும், நேரமாகும். கணக்குப் போட்டுக்கிட்டே பேச முடியாது. நடை தளரும். நாம "வயசாச்சு"ன்னு விட்டுடுவோம்.

அமெரிக்காவுல ஸ்பிரிண்ட்னு ஒரு பெரிய ஆய்வு, 50 வயசுக்கு மேற்பட்ட 9,361 பேர். பாதிப் பேருக்கு மேல் அளவு 140-க்குக் கீழே, மீதிப் பேருக்கு 120-க்குக் கீழேன்னு இலக்கு. இவங்கள்ல ஒரு பகுதியினருக்கு சுமார் நாலு வருஷ இடைவெளியில ஸ்கேன் எடுத்தாங்க, 2019-ல முடிவு வந்துச்சு. திட்டுகள் முதல் குழுவுல 1.45 கன சென்டிமீட்டர் வளர்ந்திருந்துச்சு, இரண்டாவதுல 0.92. நின்னுபோகல, ஆனா வேகம் குறைஞ்சிருக்கு. லேசான அறிவாற்றல் குறைபாடும் குறைஞ்சது. டிமென்ஷியா குறைஞ்சதுன்னு மட்டும் உறுதியா சொல்ல முடியல. 120 எல்லாருக்கும் ஒத்துவராது, பிரஷர் ரொம்ப இறங்கி மயக்கம் வந்தவங்களும் அதுல உண்டு. இலக்கை டாக்டர்தான் முடிவு பண்ணணும்.

கடைமடைக் கதையை அப்பாகிட்ட சொன்னேன். விவசாயம் பார்த்தவர், டக்குனு பிடிச்சுக்கிட்டார். "அப்ப காஞ்ச வயல் திரும்பப் பச்சையாகுமா?"ன்னார். பெரும்பாலும் ஆகாதுப்பா, மிச்ச வயலைக் காப்பாத்தலாம்னேன். மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துல அளந்தோம், 168/96. டாக்டர் மாத்திரையை மறுபடி ஆரம்பிச்சாங்க. இப்ப வாரம் ரெண்டு தடவை அளந்து வாட்ஸப்ல அனுப்புறார், குட்மார்னிங் படத்தோட.