நிற்காமல் ஓடிய வண்டி! துரத்திப் பிடித்த போலீஸ்! அப்புறம் விழும் அடிக்கு யார் பொறுப்பு?

அரவேணு-

ரோட்டில் போலீஸ்காரர் கையைக் காட்டுகிறார். வண்டி நிற்கவில்லை. விசில் ஊதுகிறார். வண்டி இன்னும் வேகம் எடுக்கிறது. ஜீப் கிளம்புகிறது. விரட்டல் ஆரம்பம்!

சினிமாவில் வண்டி கவிழ்ந்ததும் "வணக்கம்" போட்டுவிடுவார்கள். நிஜத்தில் வண்டி நின்ற பிறகுதான் விஷயமே இருக்கிறது. கதவைத் திறந்து ஆளை வெளியே இழுக்கும் அந்த ஒரு நிமிஷத்தில் என்ன நடக்கிறது? லத்தி எவ்வளவு தூரம் பேசலாம்? துப்பாக்கி எப்போது பேசலாம்?

கோத்தகிரி - மேட்டுப்பாளையம் மலை ரோட்டில் தினமும் பஸ்ஸிலும் லாரியிலும் ஏறி இறங்குகிறவர்களுக்கு இந்தக் கேள்வி சும்மா வாய்ப்பேச்சு அல்ல. இந்த ரோட்டில் அரவேணு, குஞ்சப்பனை வளைவுகளில் வண்டியை வண்டி விரட்டினால், பிடிபடுகிறவனோடு எதிரே வருகிற பஸ்ஸும் சேர்ந்துதான் பள்ளத்துக்குப் போகும்.

தமிழ்நாட்டில் நடந்த சில சம்பவங்களைப் பார்ப்போம்.

கன்டெய்னர் லாரிக்குள் கார்!

2024 செப்டம்பர் 27. கேரள மாநிலம் திருச்சூரில் விடியும் முன்பே மூன்று ஏ.டி.எம்.களை கேஸ் கட்டரால் அறுத்துப் பணத்தை அள்ளிக்கொண்டது ஒரு வடமாநிலக் கும்பல். வந்த காரை அப்படியே ஒரு கன்டெய்னர் லாரிக்குள் ஏற்றி மறைத்துக்கொண்டு தமிழ்நாட்டுக்குள் புகுந்தது. நாமக்கல் மாவட்டத்தில் போலீசார் லாரியை மறித்தார்கள். லாரி நிற்கவில்லை. வழியில் கார், மோட்டார் சைக்கிள் என்று இடித்துத் தள்ளிக்கொண்டே பறந்தது. போலீசாரும் பொதுமக்களும் பின்னாலேயே விரட்டினார்கள்.

வெப்படை அருகே விரட்டல் முடிந்தது. அங்கேதான் துப்பாக்கி வெடித்தது. லாரி டிரைவர் குண்டு பாய்ந்து செத்தார். இன்னொருவருக்குக் காலில் குண்டு. போலீஸ் அதிகாரிகள் இருவருக்கும் காயம். தங்களைத் தாக்கிவிட்டுத் தப்ப முயன்றதால் சுட்டோம் என்பது போலீஸ் தரப்பு சொன்ன காரணம்.

ரோட்டில் போகிற வருகிறவர்களை எல்லாம் இடித்துக்கொண்டு ஓடும் லாரியை விட்டுவிடு என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதை நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் எல்லா விரட்டலும் இந்த ஜாதி அல்ல.

100 ரூபாய் குற்றம். போனது ஒரு உயிர்!

2018 மார்ச் 7. திருச்சி - தஞ்சை ரோட்டில் துவாக்குடி. சாயங்காலம் கணவனும் மனைவியும் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். கணவர் ஹெல்மெட் போடவில்லை. சோதனையில் நின்ற போலீசார் மறித்தார்கள். வண்டி போய்விட்டது. ஒரு போக்குவரத்து இன்ஸ்பெக்டர் தன் வண்டியில் விரட்டினார். திருவெறும்பூர் பெல் கணேசா ரவுண்டானா அருகே எட்டிப் பிடித்து, ஓடுகிற வண்டியைக் காலால் உதைத்தார் என்பது புகார். வண்டி சாய்ந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி பரிதாபமாக இறந்துபோனார்.

ஆயிரக்கணக்கான ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். தஞ்சை ரோட்டில் போக்குவரத்து நின்றது. கல்வீச்சு, தடியடி என்று இரவு முழுக்க ரகளை. அந்த இன்ஸ்பெக்டர் கைது செய்யப்பட்டார். பொழுது விடிந்தால் மார்ச் 8, உலக மகளிர் தினம்!

அன்றைய சட்டப்படி ஹெல்மெட் போடாத குற்றத்துக்கு அபராதம் என்ன தெரியுமா? 100 ரூபாய்! வண்டி நம்பரைக் குறித்துக்கொண்டு வீட்டுக்கு நோட்டீஸ் அனுப்பியிருந்தால் முடிந்துபோயிருக்கும் சமாசாரம்.

லக்னோவிலும் இதே கதைதான். 2018 செப்டம்பர் 29-ந் தேதி, நடுராத்திரி தாண்டிய நேரம். காரை நிறுத்தவில்லை என்பதற்காக ஒரு போலீஸ்காரர் கண்ணாடி வழியாகவே சுட்டார். உள்ளே இருந்தவர் கொள்ளைக்காரர் இல்லை. ஒரு பெரிய கம்பெனி மேனேஜர். சுட்ட போலீஸ்காரர் வேலையையும் இழந்து கொலை வழக்கிலும் கைதானார்.

விரட்டல் இல்லாமலே கூட இது நடக்கிறது. 2021 ஜூன் மாதம், கொரோனா ஊரடங்கு நேரம். சேலம் மாவட்டம் பாப்பநாயக்கன்பட்டி சோதனைச் சாவடியில் குடித்துவிட்டு வந்த ஒரு வியாபாரியை வண்டியை மறித்து லத்தியால் அடித்தார் ஸ்பெஷல் சப்-இன்ஸ்பெக்டர். வியாபாரி மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். அடித்த அதிகாரி கைதானார். குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் கேஸ் போடலாம், அபராதம் போடலாம், லைசென்சைப் பிடுங்கலாம். உயிரை எடுக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

போலீஸ்காரர் பக்கமும் பார்க்கணும்!

"அவங்களுக்கென்ன, லத்தியைத் தூக்கிக்கிட்டு நிப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ராத்திரி ரெண்டு மணிக்கு இருட்டு ரோட்டில் தனியாக நிற்கிறவருக்குத்தான் தெரியும் அந்தப் பயம்.

2021 நவம்பர் 21. திருச்சி நவல்பட்டு ஸ்பெஷல் சப்-இன்ஸ்பெக்டர் பூமிநாதன், ராத்திரி ரோந்தில் ஆடு திருடிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஓடியவர்களை விரட்டினார். மாவட்டம் தாண்டி புதுக்கோட்டை கீரனூர் பக்கம் வரை விடாமல் போய் மடக்கினார். தன்னந்தனியாக நின்ற அவரை அங்கேயே வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். கைதானவர்களில் சிறுவர்களும் இருந்ததுதான் திடுக்கிடும் விஷயம்.

அதே வருஷம் பிப்ரவரி மாதம் தூத்துக்குடி மாவட்டம் ஏரலில் சப்-இன்ஸ்பெக்டர் பாலு மீது ஒரு ஆசாமி சரக்கு வண்டியை ஏற்றியே கொன்றான். 2018 மே மாதம் நெல்லை மாவட்டத்தில் மணல் கடத்தலைத் தடுக்கப் போன போலீஸ்காரர் ஜெகதீஷ் துரை கொல்லப்பட்டார்.

பூமிநாதன் சாவுக்குப் பிறகு, ரோந்து போகிறவர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று அன்றைய டி.ஜி.பி. சைலேந்திரபாபு அறிவுறுத்தினார். நியாயம்தான். தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளும் உரிமை காக்கிச் சட்டைக்கும் உண்டு.

ஆனால் பூமிநாதன் சாவு சொல்லித் தரும் முதல் பாடம், துப்பாக்கிக்கும் முந்தியது: தனியாக விரட்டாதே! பின்னால் ஆள் வரும் வரை மடக்காதே!

வெறி எங்கிருந்து வருகிறது?

பத்து கிலோ மீட்டர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டி ஓட்டியவருக்கு நெஞ்சு படபடக்கும். கை நடுங்கும். ரத்தம் தலைக்கேறும். "நான் கையைக் காட்டியும் நிக்காம போனியா?" என்ற ஆத்திரம் சேர்ந்துகொள்ளும். எதிரே இருப்பவன் கையைத் தூக்கிச் சரண் அடைந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. முதல் அடி அங்கேதான் விழுகிறது. ஒருவர் ஆரம்பித்தால் கூட வந்தவர்களும் ஆளுக்கொரு கை போடுகிறார்கள்.

உலகம் முழுக்க இந்த வியாதி உண்டு. 1991 மார்ச் 3. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம். மணிக்கு 160 கிலோ மீட்டருக்கு மேல் பறந்த ராட்னி கிங் என்ற கறுப்பு இன இளைஞரின் காரைப் போலீசார் விரட்டிப் பிடித்தார்கள். இறங்கியவரைச் சூழ்ந்துகொண்டு 50 தடவைக்கு மேல் தடியால் அடித்தார்கள். எதிர் வீட்டு மாடியில் இருந்த ஒருவர் அதை வீடியோ எடுத்துவிட்டார். உலகமே பார்த்தது.

1992 ஏப்ரல் 29-ல் நான்கு போலீசாரையும் அடிதடி வழக்கில் தண்டிக்காமல் விட்டது கோர்ட்டு. அன்று மாலையே நகரம் பற்றி எரிந்தது. 50 பேருக்கு மேல் செத்தார்கள். மறு வருஷம் வேறொரு வழக்கில் இரண்டு போலீசார் ஜெயிலுக்குப் போனார்கள்.

அதற்குப் பிறகு அங்கே பல ஊர்ப் போலீஸ் இலாகாக்கள் விரட்டலுக்கே கடிவாளம் போட்டன. சின்னக் குற்றத்துக்கு விரட்டக் கூடாது. கொலை, கொள்ளை போன்றவற்றுக்கு மட்டும்தான் விரட்டலாம் என்று விதி வைத்தார்கள். விரட்டியவரே கை வைக்கக் கூடாது, பின்னால் வந்த வேறு அதிகாரிதான் விலங்கு மாட்ட வேண்டும் என்பது இன்னொரு யோசனை. சூடு ஆறாத கையில் ஆளைக் கொடுக்காதே என்பதுதான் அதன் அர்த்தம். நம்ம ஊருக்கும் பொருந்துகிற யோசனை!

சட்டம் என்ன சொல்கிறது?

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம் வந்திருக்கிறது. பெயர் மாறினாலும் இந்த விஷயத்தில் விதி மாறவில்லை.

கைதாக மறுத்து முரண்டு பிடிக்கிறவனை அடக்கத் தேவையான பலத்தைப் போலீசார் பயன்படுத்தலாம். இது பழைய 46-வது பிரிவு. புதிய சட்டத்தில் 43. ஆனால் தூக்குத் தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றம் சாட்டப்படாதவனைச் சாகடிக்கும் உரிமையை இந்தப் பிரிவு தரவில்லை என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது.

பிடித்த பிறகு? தப்பி ஓடாமல் தடுக்க எவ்வளவு வேண்டுமோ அதற்கு மேல் ஒரு துளி கூடக் கட்டுப்படுத்தக் கூடாது. இது பழைய 49, புதிய 46. விலங்கு மாட்டியாச்சு, தரையில் உட்கார்த்தியாச்சு என்றால் லத்தியின் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு விழுகிற ஒவ்வொரு அடியும் குற்றம். அடிப்பவர் யாராக இருந்தாலும்!

1996-ல் டி.கே.பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது இன்றும் செல்லும். கைது செய்யும் போலீசார் பெயர் தெரியும்படி அட்டை அணிய வேண்டும். கைதுக் குறிப்பு எழுதிச் சாட்சி கையெழுத்து வாங்க வேண்டும். குடும்பத்தாருக்குத் தகவல் சொல்ல வேண்டும். உடம்பில் உள்ள காயங்களைக் கேட்டால் குறித்துத் தர வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டு முன்னால் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது.

துப்பாக்கிச் சூட்டில் ஆள் செத்தால் 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு விதித்த நிபந்தனைகள் தனி. வழக்குப் பதிவு செய்ய வேண்டும். சி.ஐ.டி.யோ வேறு ஸ்டேஷன் அதிகாரிகளோ விசாரிக்க வேண்டும். மாஜிஸ்திரேட்டு விசாரணை நடக்க வேண்டும். சம்பவம் நடந்த சூட்டோடு பதவி உயர்வோ வீரப் பதக்கமோ கொடுக்கக் கூடாது.

"பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்!"

விதி இப்படி இருக்க, பேப்பரில் வருவது என்ன? "தப்பி ஓடும்போது பாலத்திலிருந்து குதித்ததில் கால் முறிவு". "பாத்ரூமில் வழுக்கி விழுந்ததில் கையில் மாவுக்கட்டு". படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டுகிறோம். ரவுடிதானே, நல்லா வேணும் என்றும் சொல்லிக்கொள்கிறோம்.

இன்றைக்கு ரவுடிக்கு வழுக்குகிற பாத்ரூம், நாளைக்கு ஹெல்மெட் மறந்த குமாஸ்தாவுக்கும் வழுக்கும். துவாக்குடியில் செத்தது ரவுடி இல்லை.

மலையில் விரட்டவே வேண்டாம்!

அரவேணு ரோட்டில் நின்று யோசித்தால் ஒன்று புரியும். மலையில் ஓடுகிறவன் எங்கே போவான்? ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். மேலே கோத்தகிரி. கீழே குஞ்சப்பனை சோதனைச் சாவடி, அதற்கும் கீழே மேட்டுப்பாளையம். கிளை ரோடு பிரிந்தாலும் எஸ்டேட்டுக்கோ கிராமத்துக்கோதான் போய் முட்டும்.

பனி இறங்கினால் பத்தடி தெரியாது. குஞ்சப்பனை பக்கம் யானை குறுக்கே நிற்கும். காய்கறி லாரிகள் இரண்டாவது கியரில் மெல்ல இறங்கும். சீசன் நேரத்தில் ஊட்டியிலிருந்து இறங்கும் வண்டிகளை எல்லாம் இந்தப் பக்கம் திருப்பிவிடுவார்கள். இந்த ரோட்டில் சைரன் போட்டு விரட்டுவது, ஓடுகிறவனுக்கும் ஆபத்து, விரட்டுகிறவருக்கும் ஆபத்து, பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போகிறவருக்கும் ஆபத்து.

ஒரு வயர்லெஸ் செய்தி போதும். கீழே கேட்டைப் போட்டால் வண்டி தானாக நின்றுவிடும். 2024 மே 7 முதல் ஐகோர்ட்டு உத்தரவுப்படி நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறையே வந்துவிட்டது. நம்பர் முன்கூட்டியே பதிவாகிறது. வண்டியை ஓட்டியது யார் என்று போலீசார் கேட்டால் சொல்ல வேண்டியது உரிமையாளரின் கடமை என்று மோட்டார் வாகனச் சட்டம் 133-வது பிரிவில் இருக்கிறது. ஆளை வீட்டிலேயே போய்ப் பிடிக்கலாம்.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. போலீஸ் கையைக் காட்டினால் நிறுத்திவிடுங்கள். 2019 திருத்தச் சட்டப்படி ஹெல்மெட் போடாததற்கு 1000 ரூபாய். அதிகாரி உத்தரவை மீறினால் 2000 ரூபாய். கஷ்டம்தான். ஆனாலும் சம்பாதித்துக் கட்டிவிடலாம்.

போலீசாருக்கும் அதே கணக்குதான். ஓடுகிறவன் கொலைகாரனா, ஹெல்மெட் போடாதவனா என்று விரட்டும் முன்பே ஒரு நொடி யோசித்தால் போதும். நம்பர் கையில் இருந்தால் ஆளை நாளைக்கும் பிடிக்கலாம். போன உயிரை எந்த ஜீப்பும் விரட்டிப் பிடிக்க முடியாது.