கரையை எடுங்கள், பட்டை விடுங்கள்

காஞ்சிபுரம் பட்டுப் புடவைக்கு இரண்டு விலை உண்டு. காந்தி சாலைக் கடையில் வாங்கும்போது சொல்வது ஒன்று. 'பழைய பட்டுப் புடவைக்கு உடனடி ரொக்கம்' என்று பலகை மாட்டியவர் முப்பது வருடம் கழித்துச் சொல்வது மற்றொன்று. இந்த இரண்டாவது விலையில் பட்டு என்ற பேச்சே வராது. நிறமோ, கரையையும் உடலையும் இணைக்கும் கோர்வையோ, முந்தியில் நெய்த அன்னப்பட்சியோ கணக்கில் சேராது. ஜரிகையை உரசிப் பார்ப்பார்கள், நிறுப்பார்கள், முடிந்தது. இன்றைய தரக் கணக்கில் அசல் ஜரிகையில் வெள்ளி 40 சதவீதம், தங்கம் அரை சதவீதம். மீதி செம்பும் நடுவே ஓடும் பட்டிழையும். ஜரிகையை அளக்கும் ஒரு மார்க் என்பது சுமார் 240 கிராம். ஒரு மார்க் ஓடிய கனத்த முகூர்த்தப் புடவையில் நூறு கிராமுக்குச் சற்றே குறைய வெள்ளி தேறும். வெள்ளி கிலோ 1 லட்சம் ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் அது கிட்டத்தட்டப் பத்தாயிரம் ரூபாய்ச் சரக்கு. ஆகவே புடவை நெருப்புக்குப் போகிறது. பட்டு ஒரு புரதம் என்பதால் தலைமுடி கருகும் அதே நாற்றத்தோடு கருகி முடிகிறது. சாம்பலிலிருந்து வெள்ளியைப் பிரித்து எடுத்துக்கொள்கிறார்கள்.

இதில் வியாபாரியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கேட்பாரில்லாத துணியை அவர் என்ன செய்வார்? ஆனால் வெள்ளி இருப்பது பெரும்பாலும் கரையிலும் முந்தியிலும்தான். புட்டா அதிகமில்லாத புடவையில் உடல் முழுக்க வெறும் பட்டு. இரண்டு பக்கக் கரையையும் முந்தியையும் வெட்டி எடுத்த பிறகும் நாலு மீட்டருக்குக் குறையாத துணி மிச்சமிருக்கும். பழைய புடவை பாழாவதும் முதலில் ஜரிகை ஓரத்தில்தான்: கரையின் கனம் தாங்காமல் கோர்வையை ஒட்டி விட்டுப்போகும், வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் பீரோவில் கிடந்தால் மடிப்பில் கீறும். இந்த இடங்களைத் தவிர்த்துவிட்டால் முறுக்கேற்றிய இழையில் நெருக்கமாக நெய்த உடல் திடமாகவே இருக்கும். அதை வைத்து என்ன செய்யலாம் என்பதற்கு வங்காளத்தில் காந்தா, கர்நாடகத்தில் கவுதி, மகாராஷ்டிரத்தில் கோதடி என்று பழைய புடவைகளை அடுக்கித் தைத்த விரிப்புகள் பதில் சொல்கின்றன. நமக்கோ ஒட்டுத்துணி வேலை என்றால் தேரில் தொங்கும் தொம்பை ஞாபகத்துக்கு வரும். வீட்டில் பிள்ளைக்குப் போட்ட பழந்துணி விரிப்பைத் தாண்டி அது வளரவில்லை. இப்போது பத்திரிகைகளும் பயிற்சி வகுப்புகளும் குவில்ட், குவில்ட் என்கின்றன. அதற்குப் புது மெஷின், விலையுயர்ந்த பருத்தித் துணி என்று வாங்கக் கிளம்புவதற்கு முன்னால், காஞ்சியின் வீடுகளில் இரண்டும் ஏற்கெனவே இருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். துணி பீரோவில் இருக்கிறது. பழைய கறுப்புக் கால்மிதி மெஷின் கூடத்து மூலையில், மேலே செய்தித்தாள் அடுக்கப்பட்டு நிற்கிறது.

அந்தக் கறுப்பு மெஷின் இந்த வேலைக்குச் சமாளிக்கக்கூடியது என்று சொன்னால் போதாது. பட்டுக்குப் புதியதைவிட அதுவே மேல். குவில்ட் என்பது மேல்துணி, நடுவில் மெல்லிய பஞ்சுத் தாள், அடித்துணி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பிடிக்கிற தையல். நேர்கோட்டில் தைத்தால் கட்டம் கட்டமாக வரும். கொடியும் சுழியுமாக வர வேண்டுமானால் பல்லை இறக்கிவிட்டுத் தைக்க வேண்டும். சாதாரணத் தையலில் ஊசித் தகட்டுக்கு அடியிலுள்ள பல் துணியைத் தானே நகர்த்திக்கொண்டு போகும். அதை இறக்கிவிட்டால், இறக்க வசதியில்லாத மெஷினில் தகடு வைத்து மூடிவிட்டால், ஊசி நின்ற இடத்திலேயே ஏறி இறங்கும். எட்டுத் திசையிலும் துணியை ஓட்டுவது இரண்டு கைகள்தான். கால் வேகமாக மிதித்துக் கை மெதுவாக நகர்ந்தால் தையல் பொடியாகும், கை முந்தினால் நீளும். சாதாரண ஃபுட்டுக்குப் பதிலாகத் துணியை அழுத்தாமல் குதிக்கிற ஸ்பிரிங் ஃபுட் போடுவார்கள், சிலர் ஃபுட்டே இல்லாமல் தைப்பார்கள். அப்படி வெறும் ஊசியில் தைக்கும்போதும் ஃபுட்டை ஏற்றி இறக்கும் கைப்பிடியை மறக்காமல் இறக்கிவிட வேண்டும். அது மேலே நின்றால் டென்ஷன் தட்டுகள் நூலைப் பிடிக்காது. மேலே பார்க்கத் தையல் ஒழுங்காகத் தெரியும், திருப்பினால் அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்கிக் கிடக்கும். முதல் நாள் பழகுகிறவர்கள் மெஷினைத் திட்டுவது பெரும்பாலும் இந்தக் கைப்பிடியால்தான்.

பட்டுக்கு ஏன் பழையது மேல்? நேர்த்தையல் மட்டும் போடும் மெஷினில் ஊசித் தகட்டின் துளை ஊசி நுழையும் அளவுக்கு வட்டமாக இருக்கும். ஜிக்ஜாக் போடும் மெஷினில் ஊசி இடவலமாக ஆட வேண்டும் என்பதால் அதே இடத்தில் அகலமான பிளவு இருக்கும். வழுவழுப்பான மெல்லிய துணியை ஊசி அந்தப் பிளவுக்குள் இழுத்துக்கொண்டு போய்ச் சுருக்கும். பட்டில் ஊசி போட்ட துளை ஆறாது. பருத்தியைப் போல் பிரித்துத் தைத்து மறைத்துவிட முடியாது. பட்டுக்குத் தேவை சின்ன துளை, கூர்மையான மெல்லிய ஊசி, நினைத்த கணத்தில் நிற்கிற வேகம். மூன்றாவதைக் கால் மிதி தருகிறது. ஒரு தையல், அரைத் தையல் என்று கூட நிறுத்தலாம். கை மெஷின் இதற்கு உதவாது, ஒரு கை சக்கரத்துக்குப் போய்விடும். குறையும் இல்லாமலில்லை: ஊசிக்கும் மெஷின் கழுத்துக்கும் நடுவே ஒரு சாண் கூடத் தேறாது, கட்டில் அளவு விரிப்பைச் சுருட்டி உள்ளே திணிக்க முடியாது. சதுரம் சதுரமாகத் தைத்து முடித்துக் கடைசியில் இணைப்பதுதான் வழி. புடவைத் துண்டுகளுக்கு அது பொருத்தமே, நைந்த மடிப்புகளை விட்டு விட்டு வெட்டினால் துண்டுகளாகத்தான் கிடைக்கும். ஜரிகை மேல் ஊசி ஓட்டுவதும் நல்லதல்ல, உலோக இழை அறுந்து மேலே முள்ளாக நிற்கும். வெள்ளிக்காரருக்கு வேண்டியது கரை, ஊசிக்கு வேண்டியது உடல். இரண்டுக்கும் சண்டையே இல்லை.

எதிர்ப்புகள் வரும். வேலூர் வெயிலுக்குப் பக்கத்து ஊரில் யாருக்கு வேண்டும் குவில்ட் என்பது முதல் கேள்வி. ஏசி போட்டுக்கொண்டு கம்பளி தேடுகிற வீடுகள் இந்த ஊரிலும் பெருகிவிட்டன என்பதே அதற்குப் பதில். தவிர, பஞ்சே இல்லாமல் இரண்டு அடுக்கில் தைத்துச் சுவரில் மாட்டலாம், ஊஞ்சலில் விரிக்கலாம். கல்யாணப் புடவையில் கத்தரி வைப்பதா என்பது இரண்டாவது. எரிப்பதற்குக் கொடுக்க மனம் வந்தவர்களுக்கு வெட்டுவதற்கு மனம் வராதது விந்தைதான். அம்மனுக்குச் சாத்தி ஏலத்தில் வந்த புடவை என்றால் மட்டும் காலில் படும் விரிப்பாக்காமல் பூஜையறைத் திரையாகத் தைக்கச் சொல்வேன், அந்தத் தயக்கம் நியாயமானது. கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் இதையெல்லாம் பிசிறின்றிச் சீக்கிரம் செய்துவிடும் என்பாரும் உண்டு, வாஸ்தவம்தான். ஆனால் ஒரே அளவுத் துணியை ஆயிரம் முறை கொடுத்தால்தான் அந்த மெஷினுக்குக் கட்டுபடியாகும். பழைய புடவை ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. ஒரு துண்டில் கறை, இன்னொன்றில் கீறல். அவற்றைப் பார்த்து வளைத்துப் போக ஒரு கண் வேண்டும். கையை எடுக்காமல் வளைத்து வளைத்துப் போய்த் தொடங்கிய புள்ளியில் முடிக்கிற பயிற்சியும் இங்கே புதிதல்ல, வாசலில் சிக்குக் கோலம் போடுகிற கைக்கு அது தெரியும்.

என் கவலை வேறு. மெஷின் எத்தனை நாள் இருக்கும்? இயந்திரங்களைச் சந்தேகத்தோடு பார்த்த காந்தியே 1924இல் ஜி. ராமச்சந்திரன் என்ற சாந்திநிகேதன் மாணவருடன் பேசும்போது சிங்கர் தையல் மெஷினுக்கு விலக்குக் கொடுத்தார். அந்த மாணவர்தான் பின்னாளில் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தை உருவாக்கியவர். அப்படியானால் மெஷின் செய்யத் தொழிற்சாலை வேண்டுமே என்ற கேள்வி அந்தப் பேச்சிலேயே எழுந்தது. பழுது பார்க்க ஆள் எங்கே என்று கேட்க வேண்டிய அவசியம் அப்போது வரவில்லை. இன்று அதுதான் முதல் கேள்வி. பழைய மெஷினின் வார்ப்பிரும்புக் கால்களை ஹோட்டல்காரர்கள் வாங்கிப் பளிங்குப் பலகை போட்டுக் காபி மேஜையாக்குகிறார்கள். தலைப்பகுதி பழைய இரும்புக்கு எடைக்குப் போகிறது. புடவையில் வெள்ளிக்காகப் பட்டு எரிவது போல இங்கே காலுக்காகத் தலை போகிறது.

அழிகிற மெஷின்களில் பாதிக்கு மேல் உண்மையில் செத்தவை அல்ல என்பது என் கணிப்பு. நம் வீடுகளில் எதற்கெடுத்தாலும் தேங்காய் எண்ணெய். மெஷினில் அதை விட்டால் சில வருடத்தில் பிசினாகி இறுகி, சக்கரத்தை அசைக்க முடியாமல் செய்துவிடும். 'மெஷின் ஜாம் ஆயிடுச்சு' என்று ஒதுக்கி வைத்ததில் எத்தனையோ இந்த வகை. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, ஷட்டிலைக் கழற்றி அடியில் சேர்ந்த பஞ்சுத் தூசியை எடுத்து, சரியான மெஷின் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டால் ஒரு பகலில் ஓடத் தொடங்கும். தோல் பெல்ட் தளர்ந்திருந்தால் ஓரங்குலம் வெட்டி மறுபடி கம்பி கொக்கி மாட்டினால் சரி. பாபின் கேஸின் ஸ்பிரிங் மட்டும் தேய்ந்துவிட்டால் மாற்றித்தான் ஆக வேண்டும், பல்லை இறக்கித் தைக்கிறவருக்கு அடிநூலின் இறுக்கம் கொஞ்சம் பிசகினாலும் வேலை கெடும். இதைக் கையால் தொட்டே சொல்லக்கூடிய மெக்கானிக்குகள் வயதானவர்கள். தெருவுக்குத் தெரு தையல் வகுப்பு, ஆரி ஒர்க் வகுப்பு என்று பலகை இருக்கிறது. மெஷின் பழுது பார்க்கக் கற்றுத் தரப்படும் என்று ஒரு பலகை கண்ணில் படுவதில்லை. ஏழைப் பெண்களுக்குப் புது மெஷின் வழங்கும் விழாக்களில் குறை காண நான் வரவில்லை. அந்த மேடையில் பத்து மெஷின் கொடுப்பவர்கள் ஒன்பதோடு நிறுத்திக்கொண்டு, பத்தாவதன் பணத்தில் ஒரு மெக்கானிக்கிடம் இரண்டு பிள்ளைகளை ஆறு மாதம் சம்பளத்தோடு உட்கார வைத்தால், மற்ற ஒன்பதும் பத்து வருடம் கழித்தும் ஓடும். மூலையில் செய்தித்தாள் சுமக்கிற பழையவையும் கூடவே ஓடும்.