மும்பை விழுந்தது என்று யார் சொல்வது?

சென்னையில் ஒன்று, மும்பையில் ஒன்று என்று இரண்டு ஊர்களில் டேட்டா சென்டர் வைத்தாயிற்று, இனி நம் சேவை நிற்கவே நிற்காது என்று நம்பும் நிறுவனங்கள் நிறைய. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவதுதான் என் வேலை. சோழிங்கநல்லூரில் உட்கார்ந்துகொண்டு, வெவ்வேறு ஊர்களில் ஓடும் சர்வர்களுக்கு இடையே பயனாளர்களைப் பிரித்து அனுப்பும் ஏற்பாட்டைக் கவனித்துக்கொள்கிறேன். குளோபல் சர்வர் லோடு பேலன்சிங் என்பது அதன் முழுப்பெயர். சுமையைப் பிரிப்பது இதில் எளிய பாதி. ஓர் ஊரின் சர்வர்கள் செத்துவிட்டன என்று யார், எதை வைத்து, எத்தனை நொடியில் முடிவு செய்வது என்பது கஷ்டமான பாதி.

முதலில் எளியதைச் சொல்லிவிடுகிறேன். வங்கியின் இணைய முகவரியைச் செல்போனில் தட்டுகிறீர்கள். அந்தப் பெயருக்குரிய ஐபி எண்ணைத் தேடித் தருவது டிஎன்எஸ். பால் மொக்கபெட்ரிஸ் 1983இல் வடிவமைத்த முறை அது. இன்றும் இணையம் அதன்மேல்தான் நிற்கிறது. சாதாரண டிஎன்எஸ் யார் கேட்டாலும் ஒரே எண்ணைச் சொல்லும். நாங்கள் வைத்திருப்பது, கேட்பவர் எந்தத் திசையிலிருந்து வருகிறார், எந்த ஊர் நலமாக இருக்கிறது, எங்கே கூட்டம் குறைவு என்று பார்த்து, ஆளுக்குத் தகுந்த எண்ணைச் சொல்லும்.

தூரம் ஏன் முக்கியம்? கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஐ2ஐ கடலடிக் கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். போய்த் திரும்ப 32 மில்லிநொடி கட்டாயம் ஆகும்; எவ்வளவு பணம் கொட்டினாலும் அதைக் குறைக்க முடியாது. அமெரிக்காவின் வர்ஜீனியா என்றால் 200 மில்லிநொடியைத் தாண்டிவிடும். ஒரு பக்கம் திறக்கப் பலமுறை போய்வர வேண்டியிருப்பதால் அந்தத் தாமதம் விரலுக்கே தெரியும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எங்களுக்குத் தெரிவது உங்கள் முகவரி அல்ல. உங்களுக்காகக் கேள்வி கேட்கும் ரிசால்வரின் முகவரி. மதுரையில் இருப்பவர் சிங்கப்பூரில் உள்ள ரிசால்வரைப் பயன்படுத்தினால், அவரைச் சிங்கப்பூர்க்காரர் என்றே எடுத்துக்கொள்வோம். பயனாளர் முகவரியின் முன்பகுதியை மட்டும் சேர்த்து அனுப்பும் முறை 2016இல் ஆர்எஃப்சி 7871 என்று வெளியானது. கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 போன்றவை அந்தரங்கம் கருதி அதை அனுப்புவதில்லை. அந்த முடிவை நான் மதிக்கிறேன். மதுரைக்காரருக்குப் பக்கம் கொஞ்சம் மெதுவாகத் திறக்கும், அவ்வளவுதான்.

டிஎன்எஸ் சொன்ன பதிலை எவ்வளவு நேரம் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்பதையும் நாங்களே குறித்து அனுப்புகிறோம். அதற்கு டிடிஎல் என்று பெயர். நான் 60 நொடி வைப்பேன். கூட்டினால் ஊர் மாற்றும்போது தாமதமாகும். மிகவும் குறைத்தால் கேள்விகள் குவியும். ஆனால் எல்லாரும் இதற்குக் கட்டுப்படுவதில்லை. ஒருமுறை கேட்ட எண்ணை, தான் நிறுத்தப்படும்வரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பழைய ஜாவா நிரல்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஊரை மாற்றி ஒரு மணி நேரம் ஆன பிறகும் பழைய முகவரிக்குக் கொஞ்சம் பேர் வந்துகொண்டே இருப்பார்கள். அவர்களைப் புது இடத்துக்குத் தள்ளிவிட அங்கே ஏதாவது ஒன்றை உயிரோடு வைத்திருக்கவேண்டும்.

இனி கஷ்டமான பாதி. சர்வர் நலமா என்று விசாரிப்பதை ஹெல்த் செக் என்கிறோம். இருக்கிறாயா என்று மட்டும் கேட்கும் பிங்குக்குப் பதில் வருகிறது என்பதால் நலம் என்று சொல்லிவிட முடியாது. உள்ளே டேட்டாபேஸ் உறைந்துபோயிருந்தாலும் பிங் பதில் சொல்லும். அதனால் டேட்டாபேஸ் வரை போய்த் தொட்டுவிட்டு வரும் ஒரு பக்கத்தை எழுதி, அதைக் கேட்கிறோம். ஆர்வத்தில் இன்னும் ஆழமாகப் போகிறவர்களும் உண்டு: ஓடிபி அனுப்பும் வெளி நிறுவனம்கூட வேலை செய்கிறதா என்று அதே பக்கத்தில் சோதிப்பார்கள். ஓடிபி நின்ற நொடியில் சென்னை, மும்பை, சிங்கப்பூர் மூன்றும் ஒன்றாகச் செத்ததாகக் கணக்காகிவிடும். அந்த ஊருக்கே உரிய பாகங்களை மட்டும் சோதி, எல்லா ஊருக்கும் பொதுவானதைச் சோதிக்காதே என்று புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கிறேன்.

விசாரிப்பதும் ஓரிடத்திலிருந்து போதாது. ஒரு ராத்திரி பணியில் இருந்த பையன் கூப்பிட்டான்.

"அக்கா, மும்பை சிவப்பு காட்டுது. மாத்திடவா?"

"எங்கேயிருந்து பாத்தா சிவப்பு?"

"சென்னைலேர்ந்து."

"மத்த ரெண்டு இடம்?"

"பச்சைக்கா."

"அப்ப மும்பை நல்லாத்தான் இருக்கு. நடுவுல லைன் பாரு."

மூன்று இடங்களிலிருந்து, பத்து நொடிக்கு ஒருமுறை, தொடர்ந்து மூன்று தோல்வி, அதிலும் பெரும்பான்மை: அப்போதுதான் ஓர் ஊரைப் பட்டியலிலிருந்து எடுப்போம். அரை நிமிடம் அதில் போகும், டிடிஎல் ஒரு நிமிடம். ஒன்றரை நிமிடத் தடங்கலைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது என் வழக்கம்.

எல்லா ஊரும் ஒரே நேரத்தில் சிவப்பானால்? பெரும்பாலும் ஊர்கள் சாகவில்லை, விசாரிக்கும் கண்தான் கெட்டிருக்கிறது. அப்போது சோதனையை ஒதுக்கிவிட்டு எல்லா எண்களையும் கொடு என்று விதி எழுதி வைக்கிறோம். இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை 2021 அக்டோபர் 4 இரவு, வாட்ஸ்அப் வைத்திருந்த எல்லாரும் அனுபவித்தார்கள். பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, ஃபேஸ்புக்கின் டேட்டா சென்டர்களை இணைக்கும் உள்வலையை முழுவதுமாகத் துண்டித்தது. அப்படிப்பட்ட கட்டளையைத் தடுக்கவேண்டிய மென்பொருளில் பிழை இருந்ததால் அது தடுக்கவில்லை. அந்நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர்களுக்கு ஒரு விதி உண்டு: டேட்டா சென்டரை எட்ட முடியாவிட்டால், தன்னிடம்தான் கோளாறு என்று கொண்டு, தன்னை அடையும் வழியை இணையத்திலிருந்து விலக்கிக்கொள்ளவேண்டும். ஒரு சர்வர் மட்டும் கெட்டிருந்தால் அது மிகச் சரியான விதி. அன்று எல்லா சர்வர்களும் ஒரே நேரத்தில் விலகிக்கொண்டன. நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்தும் ஒருவராலும் அவற்றை அடைய முடியவில்லை. ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் இல்லாமல் போயின. பழுதுபார்க்கும் கருவிகளும் அதே டிஎன்எஸ்ஸை நம்பியிருந்ததால், ஆட்கள் நேரில் போய்த்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது.

பணம் புழங்கும் இடத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. மும்பைக்கும் சென்னைக்கும் நடுவே லைன் மட்டும் அறுந்தால் இரண்டும் உயிரோடு இருக்கும். ஒவ்வொன்றும் மற்றது செத்ததாக நினைக்கும். பத்தாயிரம் ரூபாய் இருக்கும் கணக்கிலிருந்து இரண்டு ஊரிலும் பத்தாயிரம் எடுத்துவிடலாம். இதைத் தடுக்க மூன்றாவதாக ஒரு சாட்சி இடம் வைப்போம். அதன் ஓட்டைப் பெறும் ஊர் மட்டுமே கணக்கில் எழுதலாம். பக்கங்களைக் காட்டும் சர்வர்களை இயந்திரமே மாற்றட்டும். டேட்டாபேஸை மாற்றும் பொத்தானை ஒரு மனிதர் அழுத்தவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பழைய ஊருக்குத் திரும்புவதும் அப்படித்தான். எழுந்த சர்வர்களில், முன்பே தயாராக வைத்த பதில்களின் சேமிப்பான கேச் காலியாக இருக்கும்; எல்லாரும் ஒரேயடியாக வந்தால் தாங்காது. நூற்றுக்கு ஐந்து பேராக விட்டு மெல்லக் கூட்டுகிறோம்.

இடவசதியைப் பற்றித்தான் நிதிப் பிரிவுடன் அடிக்கடி வாக்குவாதம். இரண்டு ஊரும் 70 சதவீதம் நிரம்பி ஓடினால், ஒன்று விழும்போது மற்றதன் தலையில் 140 சதவீதம் வந்து விழும். ஆகவே எந்த ஊரும் பாதிக்குமேல் நிரம்பக்கூடாது. சும்மா கிடக்கும் இயந்திரங்களுக்கு ஏன் பணம் என்று கேட்பார்கள். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தைச் சொல்வேன். சாலைகள் மூழ்கினால் ஜெனரேட்டருக்கு டீசல் வராது. இயந்திரத்தின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமலே ஓர் ஊர் நின்றுவிடும்.

வங்கிகள் முக்கியமான அமைப்புகளுக்கு அரையாண்டுக்கு ஒருமுறையாவது ஒத்திகை பார்க்கவேண்டும், மாற்று இடத்திலிருந்தே ஒரு முழு வேலைநாள் இயங்கிக்காட்டவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023இல் வெளியிட்ட நெறிமுறை சொல்கிறது. ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் மாற்றிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். நாங்கள் வேலைநாளில், காலை பத்து மணிக்கு மாற்றுகிறோம். யார் யாரைக் கூப்பிடவேண்டும், எந்தக் கட்டளை முதலில், எது அடுத்து என்பதைத் தாளில் அச்சிட்டு ஒட்டியிருக்கிறோம். இணையம் நின்ற நேரத்தில் இணையத்தில் இருக்கும் குறிப்பைத் திறக்க முடியாது அல்லவா? ஒவ்வொரு ஒத்திகைக்குப் பிறகும் அந்தத் தாள் மாறுகிறது. போன முறை ஒரு தொலைபேசி எண்ணை மாற்றினோம். அந்த எண்ணுக்குரிய பெண் வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தார்.