கரைக்குப் போகாத கரைப்பறவைகள்

(இரண்டாம் ஆண்டு, இளமறிவியல் விலங்கியல்)

ஆள்காட்டிக் குருவியை அறியாதவர் நம் மாணவர்களில் மிகக் குறைவு. மேய்ச்சல் தரையில் கால் வைத்தால் போதும், தலைக்கு மேல் பறந்து கத்தி ஊரைக் கூட்டிவிடும். இந்தக் கட்டாந்தரைப் பறவையைக் கரைப்பறவைகளின் வரிசையில் சேர்த்திருக்கிறார்களே, கரை எங்கே இருக்கிறது என்று முதலாண்டிலேயே கேட்க நினைத்தேன், கூச்சத்தால் கேட்கவில்லை. விடை தென் அமெரிக்காவின் தென்கோடியில் கிடைத்தது. நான் போகவில்லை, நூலகத்து மேசையில் அமர்ந்தபடியேதான்! நீங்களும் உடன் வாருங்கள்.

சிலி நாட்டின் புண்டா அரீனாஸ் நகரில் வண்டியோடு கப்பலேறி, மகெல்லன் நீரிணையைக் கடந்தால் டியரா டெல் ஃபியூகோ தீவு. இறங்கும் ஊர் போர்வெனீர். அதைத் தாண்டினால் சரளைச் சாலை, இரு மருங்கும் புல், ஓயாத காற்று. டிசம்பரில் அங்கே கோடை. வண்டியை நிறுத்தினால் கத்திக்கொண்டு எழுவது யார் தெரியுமா? நம் ஆள்காட்டியின் பங்காளி! அதன் கூச்சலைக் கொண்டே அர்ஜென்டினாவில் அதற்கு 'தேரோ' என்று பெயர்.

புல்லுக்குள் காடை போல ஒன்று குறுகுறுவென்று நடக்கும். அதை விதையுள்ளான் எனலாம். புழு பூச்சி தேடாமல் மொட்டும் இலையும் விதையும் தின்னும். அடைகாப்பதை விட்டு எழும்போது முட்டைமேல் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போகும். தோற்றம் காடை, உறவோ நம் குளத்து இலைக்கோழிக்கு நெருக்கம். ஆக, கரைப்பறவை என்பது குலப்பெயர். அக்குலத்தில் கரைப்பக்கமே போகாதவையும் உண்டு.

போர்வெனீருக்கு அருகில் ஓர் உப்பு ஏரி. அங்கேதான் மகெல்லன் உப்புக்கொத்தி. சாம்பல் உடல், சிவந்த கண், இளஞ்சிவப்புக் கால், புறாவின் சாயல். கோழியைப் போலக் காலால் மண்ணைக் கிளறி இரை தேடும். கரைப்பறவைக் குஞ்சுகள் பொதுவாகப் பொரித்த சில மணி நேரத்தில் தாமே இரை பொறுக்கும். இதுவோ புறாவைப் போலத் தொண்டைப்பையிலிருந்து இரையைக் கக்கிக் குஞ்சுக்கு ஊட்டுகிறது! இடுவது இரண்டு முட்டை. பெரும்பாலும் ஒரு குஞ்சே தேறும்.

கூடு, நீரோரத் தரையில் சிறு கற்கள் பரப்பிய பள்ளம், அவ்வளவுதான். முன்பு அந்தப் புல்வெளியில் மேய்ந்தவை குவானாக்கோ என்னும் ஒட்டக இன விலங்குகள். அவற்றின் பாதம் மெத்தை போன்றது. 1877-இல் ஃபாக்லாந்து தீவுகளிலிருந்து நீரிணைப் பகுதிக்குச் செம்மறி ஆடுகள் வந்தன, பிறகு பெருகின. குளம்பு கூரானது. ஏரியோரம் மந்தை நடந்தால் முட்டை மிதிபடுகிறது.

இதைப் படித்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. எங்கள் வீட்டுப் பிழைப்பே செம்மறிதான். என் கல்லூரிக் கட்டணமும் கிடை போட்ட காசு. அய்யா ஆள்காட்டி கத்தும் பக்கம் மந்தையை விடமாட்டார். முட்டை கண்ட இடத்தில் ஒரு முள்ளை ஒடித்துப் போட்டு அடையாளம் வைப்பார். எழுபது ஆட்டுக்கு அது முடிகிறது. அங்கேயோ ஆயிரக்கணக்கான ஆடுகள் கம்பி வேலிக்குள் தாமாக மேய்கின்றன. உப்புக்கொத்தியின் குரலும் மெல்லியது. ஆள்காட்டி மாதிரி ஊரைக் கூட்டத் தெரியாது.

விடுமுறையில் அய்யாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "ஆட்டுக்கு முன்னாலே போறவன் ஒருத்தனும் இல்லையா அங்கே?" என்றார்.