மின்னிறக்கத்தில் ஒளிராத மூலக்கூறுகளை எண்ணுதல்

தாழ்ந்த அமுக்கத்தில் நைதரசன் அடைக்கப்பட்ட கண்ணாடிக் குழாயொன்றினூடாக மின்னைச் செலுத்துங்கால் அக்குழாய் ஒளிர்கின்றது. விரைந்து செல்லும் இலத்திரன்கள் மூலக்கூறுகளுடன் மோதி அவற்றை உயர் சத்தி நிலைகளுக்கு அருட்டுகின்றன. அருட்டப்பட்டவை மீளுகையில் ஒளியை வெளிவிடுகின்றன. இவ்வொளியின் நிறமாலையைக் கொண்டே மின்னிறக்கத்தின் உள்நிலையை ஆய்வாளர் நெடுங்காலமாக உய்த்துணர்ந்து வந்துள்ளனர். ஆயின், ஒளிர்வனவற்றைக் கொண்டு மாத்திரம் அருட்டப்பட்டவை அனைத்தையும் மதிப்பிடலாமா?

நைதரசனின் இரு நிலைகளை ஒப்புநோக்கின் விடை தெளிவாகும். 337 நானோமீற்றர் அலைநீள ஒளியைத் தரும் ‘சீ’ நிலை ஏறத்தாழ 40 நானோசெக்கன் மாத்திரமே நிலைக்கின்றது. தரை நிலைக்கு மேலே 6.17 இலத்திரன் உவோற்றில் அமைந்த ‘ஏ’ நிலையோ, மோதுகைகளால் அழிக்கப்படாவிடின், ஏறத்தாழ 2 செக்கன் நிலைக்க வல்லது. தரை நிலைக்கு மீளுதற்கு இலத்திரனொன்றின் கறங்கல் மாறவேண்டியிருத்தலே இதற்குக் காரணம். எனவே அம்மூலக்கூறு பெரும்பாலும் ஒளிராமலே சத்தியைத் தேக்கி வைத்திருக்கின்றது.

இச்சத்தி புறக்கணிக்கத்தக்கதன்று. ஒட்சிசன் மூலக்கூறைப் பிரிப்பதற்கு 5.12 இலத்திரன் உவோற்றுப் போதும். வேர்னர் வொன் சீமென்ஸ் 1857 இல் அமைத்த மின்னிறக்கக் குழாயின் வழிவந்தவையே இன்று ஓசோனை ஆக்கிக் குடிநீரைத் தூய்மையாக்கும் கருவிகள். அவற்றுள் வளியைப் பயன்படுத்துவனவற்றில், ஒட்சிசனைப் பிளக்கும் பணியில் அருட்டப்பட்ட நைதரசனுக்கும் பங்குண்டு. மேலும், ‘ஏ’ நிலையிலுள்ள இரு மூலக்கூறுகள் மோதின் அவற்றிலொன்று ‘சீ’ நிலைக்கு உயர்ந்து ஒளிரக்கூடும். அவ்வொளி முழுவதையும் இலத்திரன் மோதுகையின் விளைவெனக் கொள்பவர் காரணத்தையே பிறழ உணர்வர்.

ஒளியை வெளிவிடாத மூலக்கூறும் தனக்குரிய அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சும். ‘ஏ’ நிலையினின்று ‘பீ’ நிலைக்கு உயர்த்தும் பட்டைகளிலொன்று 775 நானோமீற்றரை அண்டியுள்ளது. அவ்வலைநீளமுடைய இலேசர்க் கற்றையைக் குழாயினூடாகச் செலுத்தி, புகுந்த செறிவுக்கும் வெளிப்பட்ட செறிவுக்குமுள்ள விகிதத்தை அளந்தால், பியர் – இலம்பேட்டு விதிப்படி மூலக்கூறுகளின் எண்ணடர்த்தி பெறப்படும். கோட்டின் உறிஞ்சல் வலிமையும் பாதை நீளமும் தெரிந்திருத்தல் போதும். ஒளியின் தனிச்செறிவை அளவிடவேண்டியதில்லை.

அறை வெப்பநிலையில் தொப்பிளர் விளைவால் இக்கோடு ஏறத்தாழ 900 மெகாஹேட்ஸ் அகலமுடையது. குறைகடத்தி இலேசரின் அகலமோ சில மெகாஹேட்ஸ் மாத்திரமே. ஆதலின் இலேசரின் மீடிறனைச் சிறிது சிறிதாக மாற்றிக் கோட்டின் வடிவத்தை வரையலாம். அவ்வடிவத்தின் அகலம் வாயுவின் வெப்பநிலையையும் புலப்படுத்தும்.

இம்முறைக்கும் எல்லைகளுண்டு. ஒரு கோடு ஒரு சுழற்சி மட்டத்தை மாத்திரமே காட்டும். மொத்தத்தைக் கணிக்க வெப்பநிலை வேண்டும். பெறுபேறு கற்றையின் பாதை முழுவதற்குமுரிய சராசரியாகும். கற்றை மிகச் செறிவாயின் அளக்கப்படும் நிலையே வெறுமையுறும். உறிஞ்சல் மிகச் சிறிதாயின், 1988 இல் ஓகீஃபும் டீக்கனும் காட்டியவாறு, குழாயின் இரு முனைகளிலும் உயர்தெறிப்பு ஆடிகளை அமைத்து, அவற்றிடையே அகப்பட்ட ஒளி தேயும் நேரத்தை அளக்கலாம். 99.99 சதவீதம் தெறிக்கும் ஆடிகள் பயன்படு பாதையை ஏறத்தாழ 10,000 மடங்காக்கும்.

இறுவட்டுக்களை வாசிக்கும் 780 நானோமீற்றர் இலேசரும் இக்குறைகடத்தி இனத்தையே சேர்ந்தது. ஆகவே பெருஞ்செல்வமுடைய ஆய்வுகூடங்களுக்கு மாத்திரம் உரியதன்று இவ்வளவீடு. மின்னிறக்கத்தின் இரசாயனத்தை ஆராய்வோர் அதன் ஒளியைப் பதிவுசெய்வதோடு அமையாது, ஒளிராதவற்றையும் எண்ணுதல் வேண்டும்.