வலியின் கதை – 11: கேமரூன் மாடுகளும் மூன்றாம் நாள் இரவும்

போன வாரம் அபின் கடைகள் போய், 1929ஆம் ஆண்டின் நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் வந்த இடத்தில் நின்றோம். தவறவிட்டவர்கள் பக்கத்து வீட்டில் பழைய இதழைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வாரத்துக்கு நான் ஒப்புக்கொண்டது வேறு. டிரமடோல் போன்ற வலிக்குளிசைக்குப் பழகிவிட்ட ஒருவர் அதை விடும்போது, கையில் காசில்லாமல், லயத்து அறையில் அந்த நாட்களை எப்படிக் கழிப்பது? சொல்கிறேன். அதற்கு முன் ஒரு மரம்.

2013இல் ஓர் ஆய்வுக்குழு, வட கேமரூனில் காய்ச்சலுக்கும் வலிக்கும் நாட்டு வைத்தியர்கள் கொடுக்கும் ஒரு மரத்தின் வேர்ப்பட்டையைப் பிரித்துப் பார்த்தது. உள்ளே இருந்தது டிரமடோல். 1962இல் ஜெர்மனியின் குருனெந்தால் கம்பனி ஆய்வுகூடத்தில் உருவாக்கி, 1977இல் விற்பனைக்கு விட்ட அதே சரக்கு. (கருவிலிருந்த பிள்ளைகளின் கை கால்களைப் பறித்த தலிடோமைட்டும் இதே கம்பனியுடையதுதான். அது தனி அத்தியாயம்.) மனிதன் மண்டையை உடைத்துக்கொண்டு செய்ததை மரம் எப்போதோ செய்துவைத்திருக்கிறது என்று ஊர் உலகமெல்லாம் செய்தி.

அந்த மரம் நமக்கு அந்நியமில்லை. நம் ஆற்றங்கரைகளில் நிற்கும் பக்மிக்கு அது ஒன்றுவிட்ட சகோதரம். கோப்பியும் கொய்னா மரமும் அதே குடும்பத்தில்தான் வருகின்றன. கோப்பி என்றதும் மடுல்சீமையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இலங்கைக் கோப்பியை அழித்த இலைத்துரு நோய் 1869இல் முதலில் கண்ணில் பட்டது அந்த மலையில்தான். அந்தப் பூஞ்சணம் வந்திராவிட்டால் நாம் இன்று கொழுந்து பறித்துக்கொண்டிருப்போமா என்பதே சந்தேகம். சரி, மரத்துக்கு வருவோம்.

அடுத்த ஆண்டே ஜெர்மனியின் டோர்ட்முண்டிலிருந்து வேறொரு குழு கேமரூன் போனது. தெற்கில் நின்ற அதே இன மரங்களில் டிரமடோல் இல்லை. வடக்கிலோ அந்த மரத்தில் மட்டுமல்ல, பக்கத்து மரங்களின் வேரிலும், மண்ணிலும், தண்ணீரிலும் இருந்தது. கூடவே, மிருக உடம்புக்குள் போய்ச் சிதைந்தால் மட்டுமே உண்டாகும் அதன் எச்சங்களும் இருந்தன. விவசாயிகளிடம் கேட்டார்கள். உச்சி வெயிலில் களைக்காமல் ஏர் இழுக்க மாடுகளுக்குக் குளிசை கொடுக்கிறோம், நாங்களும் போட்டுக்கொள்கிறோம் என்றார்கள். மாட்டுக்குள் போனது சாணமும் மூத்திரமுமாய் மண்ணுக்கு வந்து, வேர் வழியாக மரத்தில் ஏறியிருக்கிறது. 2016இல் கரிமக் கணக்கும் போட்டார்கள். உயிருள்ள மரம் காற்றிலிருந்து எடுக்கும் கரிமத்தில் கதிரியக்கக் கரிமம் கொஞ்சம் கலந்திருக்கும். பல கோடி ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்த பெற்றோலியத்தில் அது இருக்காது. மரத்திலிருந்த டிரமடோல் பெற்றோலியத்திலிருந்து செய்யப்பட்ட, தொழிற்சாலைச் சரக்கு என்று அதை வைத்தே சொன்னார்கள்.

ஆசிரியர் பக்கத்தை எண்ணிக்கொண்டிருப்பார். ஆனாலும் அந்த மாடுகளை விட்டு என்னால் நகர முடியவில்லை. நம் மலைகளில் மாட்டுக்கு யாரும் குளிசை கொடுப்பதில்லை. ஆனால் வலிக்குளிசை ஒரு வேலைச் சாமானாக மாறும் வழி இங்கேயும் அதேதான். சரிவில் நின்று பதினெட்டுக் கிலோ, இருபது கிலோ எடுத்தால்தான் முழுப் பேர். கவ்வாத்துக் கத்தி வீசும் தோள், மருந்து டேங்க் சுமக்கும் முதுகு, ஈரத்தில் ஊறிய முழங்கால். முதலில் இரண்டு பனடோல். பிறகு ஒருநாள் வழுக்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனால், உண்மையான வலிக்கு உண்மையான துண்டில் டிரமடோல் எழுதுவார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. துண்டு முடிந்தபின் துண்டில்லாமல் தருகிற யாரோ ஒருவரைத் தேடிப் போகும்போதுதான் கதை மாறுகிறது.

பசறைப் பக்கமிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார்: “அண்ணே, தடிமன் காய்ச்சல்னு நெனச்சு கொத்தமல்லி அவிச்சுக் குடுத்தேன். கொட்டாவி மேல கொட்டாவி. மூக்கும் கண்ணும் ஒழுகுது. ராவு முழுக்கக் காலை ஒதறிக்கிட்டே கெடந்தாரு. காலையில போய் ரெண்டு குளிசை வாங்கிப் போட்டதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி வேலைக்குக் கெளம்பிட்டாரு.”

எந்தப் பாடநூலும் இதைவிடத் தெளிவாகச் சொல்லவில்லை. கடைசிக் குளிசை போட்டு ஒரு நாளுக்குள் கொட்டாவி, வியர்வை, மயிர்க்கூச்செறிவு. இரண்டாம் மூன்றாம் நாளில் வயிற்றைப் பிசையும் வலி, வாந்தி, வயிற்றோட்டம், எலும்புக்குள் புகுந்த குடைச்சல். ஒரு வாரத்தில் உடம்பு பெரும்பாலும் அடங்கும். தூக்கமின்மையும் மனச்சோர்வும் வாரக்கணக்கில் இழுக்கும். டிரமடோலுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது மனநிலைக்குக் கொடுக்கும் மருந்துகள் தொடும் இரசாயனங்களையும் தொடுவதால், சிலருக்குக் கடும் பதற்றமும் இல்லாததைக் காணும் மயக்கமும் வரலாம். லயத்தில் அதைப் பேய் என்பார்கள். பூசாரியைக் கூப்பிடுவதற்கு முன் குளிசைப் பெட்டியைத் தேடுங்கள்.

திடீரென்று நிறுத்துவது வீரமில்லை. வைத்தியர் கணக்கோடு படிப்படியாகக் குறைப்பதுதான் முறை. கர்ப்பிணிகள் சொந்தமாக நிறுத்தவே கூடாது. ஆனாலும் குளிசை கிடைக்காமலோ காசில்லாமலோ நின்றுபோனவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பகுதி அவர்களுக்கு.

ஆரோக்கியமான பெரியவரை இந்த அவதி நேரடியாகக் கொல்வது அரிது. வாந்தியிலும் வயிற்றோட்டத்திலும் தண்ணீர் வற்றுவதுதான் ஆபத்து. ஜீவனி பக்கற் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சீனி, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் கெடுதல், ஆகவே கைக்கணக்கு வேண்டாம். வாந்தி எடுத்தால் கொஞ்சம் பொறுத்து, மடக்கு மடக்காகத் திரும்பக் கொடுங்கள். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி போதும். கோழி சூப் வைக்கக் கடன் வாங்க வேண்டியதில்லை. தேயிலை மலையில் இதை எழுதுவது எனக்கே சிரிப்பாக இருக்கிறது, ஆனாலும் சாயத் தேத்தண்ணியை அந்த வாரம் குறையுங்கள், முக்கியமாகப் பொழுது சாய்ந்தபின். ஏற்கெனவே தூக்கமில்லாத மனிதர் அவர். கால் குடைச்சலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம். மேல்வலிக்குப் பனடோல் போடலாம். 500 மில்லிகிராம் வில்லை ஒரு நாளில் எட்டைத் தாண்டக் கூடாது. குடிப்பவர்களும் ஈரல் நோயுள்ளவர்களும் அதற்கும் குறைவாக, வைத்தியரைக் கேட்டு. தூங்க வைக்கிறேன் என்று கசிப்பு ஊற்றுவது, பக்கத்து வீட்டுத் தூக்கக் குளிசையைக் கொடுப்பது இரண்டும் மூச்சை நிறுத்தக்கூடிய வேலை.

வலிப்பு, புத்தி தடுமாற்றம், வாயில் எதுவும் நிற்காமை, அரை நாளாகச் சிறுநீர் போகாமை, நெஞ்சுவலி, செத்துவிடலாம் என்ற பேச்சு, இவற்றில் எதைக் கண்டாலும் வீட்டு வைத்தியம் முடிந்தது. 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

எந்தப் புத்தகமும் சொல்லாத செலவு ஒன்று இருக்கிறது. சீனியும் உப்பும் எல்லா வீட்டிலும் உண்டு. மூன்றாம் நாள் இரவு, மழையில், பல குடும்பங்களுக்குப் பொதுவான கக்கூசுக்கு டோர்ச் பிடித்துக்கொண்டு எத்தனை தடவை போவது? ஒரே அறையில் பிள்ளைகள் படுத்திருக்கும்போது காலை உதறுகிற மனிதரை எங்கே படுக்க வைப்பது? வேலைக்குப் போகாத ஐந்து நாளுக்கு யார் பொறுப்பு? 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தில் பார்த்தாலும் 6,750 ரூபாய் போகிறது. ஐந்தாறு குளிசை அதைவிட மலிவு. அந்த மனிதர் காலையில் எழுந்து போய் வாங்கியதை மனவுறுதி இல்லாமை என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை. முடிந்தால் பக்கத்து அறைக்காரரிடம் பிள்ளைகளை இரண்டு இரவு விடுங்கள், வாசலில் ஒரு வாளி வையுங்கள். நோய் லீவு என்று தோட்டத்து டிஸ்பென்சரியில் எழுதி வாங்க முடிகிறதா என்று கேளுங்கள்.

ஒரு வாரம் தாண்டியவர்களுக்குத்தான் கடைசி எச்சரிக்கை. உடம்பு பழக்கத்தை மறந்திருக்கும். பழைய அளவை அப்படியே திரும்பப் போட்டால், முன்பு தாங்கியது இப்போது மூச்சை அடக்கிவிடலாம். விட்டவர்கள் சாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால், “கந்தக்காட்டுக்கு அனுப்பிருவாங்க” என்ற பயம் குறுக்கே நிற்கிறது. புனர்வாழ்வு முகாம் வேறு, பதுளைப் பெரியாஸ்பத்திரியின் மனநலக் கிளினிக் வேறு. கிளினிக்கில் பார்ப்பதற்குக் காசு இல்லை, பஸ் காசுதான் செலவு. அதுவும் கஷ்டமென்றால் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927, மனநல உதவிக்கு 1926. கந்தக்காட்டைப் பற்றியும், விரும்பிப் போகிறவருக்கும் நீதிமன்றம் அனுப்புகிறவருக்கும் வித்தியாசம் வைக்கும் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றியும் இன்றைக்கே எழுத இருந்தேன். அந்த இடத்தை மாடுகள் மேய்ந்துவிட்டன.

ஆகவே அடுத்த வாரம் சட்டமும், 50 மில்லிகிராம் கப்சியூலை வைத்துக் குறைக்கும் கணக்கும். அதுவரை யாரும் மிச்சக் குளிசைகளைக் கோபத்தில் அடுப்பில் போட வேண்டாம். பெட்டியோடு கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். எந்த அளவு, எத்தனை மாதம் என்று அவர்கள் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.