குழந்தை ஆசனத்தில் இறுகாத வார்

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே கல்வராயன் மலையை நோக்கிச் செல்வோர், மலையடிவாரத்திலுள்ள கச்சிராயபாளையத்தைக் கடந்தே கோமுகி அணையை அடைவர். அணைக்கப்பால் சாலை வளைந்து வளைந்து வெள்ளிமலைக்கு ஏறுகின்றது. சென்ற கோடை விடுமுறையில் யாம் நண்பர் ஒருவரின் குடும்பத்தோடு அவ்வழியே மோட்டார் வண்டியிற் சென்றோம். நண்பரின் இரண்டு வயதுக் குழந்தை, தனக்கென அமைந்த ஆசனத்தில் வார்களாற் பிணிக்கப்பட்டு அமர்ந்திருந்தது. கச்சிராயபாளையத்துக் கடைவீதியில் வண்டியை நிறுத்தி இளநீர் அருந்தினோம். மீண்டும் புறப்படுங்கால் குழந்தையை ஆசனத்தில் அமர்த்தி வாரை இழுத்தபோது, இடது தோள்வார் மட்டும் இறுகவில்லை. எத்துணை வலிந்து இழுத்தும் அது தளர்ந்தே கிடந்தது.

நண்பரின் அன்னையார், "என்னிடம் கொடப்பா, உன்னையும் உன் தம்பியையும் நான் மடியில் வைத்துக்கொண்டுதானே ஊரூராய்ப் போய்வந்தேன்?" என்றார். நண்பரோ, வாரில் ஒரு முடிச்சிட்டால் போதும் என்றார். அருகில் நின்ற ஒருவர், செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து வாரைக் குறுக்கித் தைத்துக்கொள்ளலாம் என்று யோசனை கூறினார். மூன்றும் அன்பினாற் பிறந்த யோசனைகளே. எனினும் மூன்றும் பிழையானவை. அது ஏன் என்பதையும், இறுகாத வாரைச் செப்பஞ்செய்யும் முறையையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று பெற்றோராயிருத்தலின், இஃது அவர்கட்குப் பயன்படும் என்று நம்புகின்றோம்.

முதற்கண் மடியைப் பற்றி ஆராய்வோம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் வண்டி, விநாடிக்கு ஏறக்குறைய 11 மீட்டர் கடக்கின்றது. அவ்வண்டி எதன்மீதேனும் மோதி, விநாடியிற் பத்தில் ஒரு பங்கு நேரத்துள் நின்றுவிடுவதாகக் கொள்வோம். வண்டி நின்றாலும், அதனுள்ளிருக்கும் உடல் முன்சென்ற வேகத்திலேயே செல்ல முயலும் என்பது பௌதிக நூலின் பாலபாடம். 12 கிலோகிராம் எடையுள்ள குழந்தையை அந்நேரத்துள் நிறுத்துதற்கு, ஏறக்குறைய 136 கிலோகிராம் பாரத்தைத் தாங்கும் விசை வேண்டும். அஃது ஒரு நெல் மூட்டையினும் மிக்க பாரம். எத்துணை அன்புடைய தாயாயினும், எதிர்பாராத அக்கணத்தில் இரு கைகளால் அதனைத் தாங்குதல் இயலாது. குறைவது அன்பன்று, கைவலிமையே.

இதனையுணர்ந்தே அறிஞர் பலர் வார்களையும் ஆசனங்களையும் ஆராய்ந்தனர். தோளையும் இடுப்பையும் ஒருங்கே பிணிக்கும் வாரை 1959-ஆம் ஆண்டில் சுவீடன் தேசத்து நீல்ஸ் போலின் என்பார் வோல்வோ வண்டிகளில் அமைத்தார். அந்நாட்டினரே ஆகிய பெர்ட்டில் ஆல்ட்மன் என்னும் பேராசிரியர், விண்வெளி வீரர் சாய்ந்திருக்கும் ஆசனத்தைக் கண்டு, குழந்தை வண்டியின் பின்புறம் நோக்கி அமரும் ஆசனத்தை 1960-களில் வகுத்தார். நம் நாட்டிலும் 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், 14 வயது நிரம்பாத குழந்தையை வாராலோ தக்க ஆசனத்தாலோ பிணியாமல் அழைத்துச் செல்வோர்க்கு 1,000 ரூபாய் அபராதம் விதிக்கின்றது.

ஆயின், ஆசனம் இருந்தும் வார் தளர்ந்திருப்பின் பயன் யாது? வண்டி நிற்கத் தொடங்கிய பின்னும் குழந்தையின் உடல், தளர்ச்சி தீருமட்டும் தடையின்றி முன்செல்லும். அதன் பின்னரே வார் அதனைப் பிடிக்கும். நிறுத்துதற்குரிய நேரம் பாதியாய்க் குறைந்தால், உடல்மேல் தாக்கும் விசை இருமடங்காகும். மிகத் தளர்ந்த வாராயின், குழந்தையின் தோள் அதினின்று நழுவிவிடவும் கூடும். பூட்டாங்கயிறு தளர்ந்த மாடு நுகத்தடியிலிருந்து விலகுவதை நம் கிராமத்தார் நன்கறிவர், இதுவும் அத்தகையதே.

இனி, வார் செல்லும் வழியை அறிதல் வேண்டும். வழியறியாதவன் தடையறியான். தோள்வார் இரண்டு, இடுப்புவார் இரண்டு, கால்களுக்கிடையே வருவது ஒன்று என ஐந்து முனைகள் குழந்தையைப் பிணிக்கின்றன. தோள்வார் இரண்டும் ஆசனத்தின் முதுகிலுள்ள துளைகள் வழியே பின்சென்று, சிறிய உலோகத் தகடொன்றின் இரு கொக்கிகளில் மாட்டப்பட்டிருக்கும். அத்தகட்டினின்று ஒற்றை வார் ஒன்று ஆசனத்தின் அடியாக முன்வந்து, குழந்தையின் பாதங்களுக்கருகே வெளித்தோன்றும். அது வெளிவரும் வாயிலில் பற்களுடைய பூட்டு ஒன்றுண்டு. அப்பூட்டு வாரை முன்னே இழுக்க இடந்தரும், பின்னே செல்லவிடாது. அதன் பொத்தானை அழுத்தினாலன்றி வார் தளராது. ஆகவே, வார் இறுகாமைக்குக் காரணம் இவ்வழியில் ஓரிடத்தில் இருத்தல் வேண்டும். அதனை முன்னிருந்து பின்னாக, முறையே தேடுதல் நலம்.

முதலாவது, இடுப்பு வாரின் தளர்ச்சி. பலர் கால்களுக்கருகேயுள்ள வாரையே இழுத்துச் சலிப்பர். இடுப்பருகே தேங்கிய தளர்ச்சியை முதலில் கையால் மேல்நோக்கித் தோள்வரை இழுத்துவிட்டு, அதன்பின் கீழுள்ள வாரை இழுத்தால் பெரும்பாலும் இறுகிவிடும்.

இரண்டாவது, இழுக்கும் திசை. அவ்வாரை மேல்நோக்கி இழுத்தால் அது பூட்டின் விளிம்பில் உராய்ந்து நின்றுவிடும். தன்னை நோக்கி நேராக இழுத்தல் வேண்டும். ஆசனத்தோடு வந்த குறிப்புப் புத்தகம் வேறு திசை கூறின், அதனையே பின்பற்றுக.

மூன்றாவது, முறுக்கு. வார் ஒருமுறை முறுக்கிக்கொண்டாலும் துளையிலும் கொளுவியிலும் சிக்கும். அன்றியும், முறுக்கிய வார் பரந்த பட்டையாய் அமையாது கயிறுபோற் குறுகி, விசை முழுவதையும் ஓரிடத்தில் அழுத்தும். நுனிமுதல் அடிவரை விரலால் தடவிப் பார்த்து அதனை நேராக்குக.

நான்காவது, அழுக்கு. பிஸ்கோத்துத் துகள், பொரி, உலர்ந்த பால், சாலைப் புழுதி ஆகியன பூட்டின் பற்களிடையே புகுந்து தடை செய்யும். மெல்லிய தூரிகையால் தட்டி, ஈரத்துணியால் துடைத்தல் போதும். எண்ணெய் இடுதல் கூடாது. எண்ணெய் புழுதியை ஈர்க்கும்; பற்களின் பிடியையும் வழுக்கச் செய்யும். வாரை ஊறவைத்துத் துவைத்தலும், இஸ்திரி போடுதலும் அதன் இழைகளை நலிவிக்கும்.

ஐந்தாவது, தோள்துளையின் உயரம். பின்புறம் நோக்கும் ஆசனத்தில் வார் குழந்தையின் தோளுக்குச் சமமாகவோ சற்றுக் கீழாகவோ இருத்தல் வேண்டும். முன்புறம் நோக்குவதில் சமமாகவோ சற்று மேலாகவோ இருத்தல் வேண்டும். குழந்தை வளர்ந்தும் துளையை மாற்றாவிடின் வார் சரிவரப் படியாது. தடித்த கம்பளிச் சட்டையும் பொய்யான இறுக்கத்தைக் காட்டும். மலைக்குளிருக்கு அஞ்சுவோர், வாரை இறுக்கிய பின்னர் அதன்மேற் போர்வை போர்த்துக.

ஆறாவதாகிய காரணம் ஆசனத்தின் பின்னே மறைந்திருப்பது. பெரும்பாலோர் காணாததும் இதுவே. தோள்வாரின் கண்ணி, தகட்டின் கொக்கியில் அரைகுறையாய் மாட்டியிருக்கலாம். இரு கண்ணிகளுடைய வாராயின், ஒரு பக்கம் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் மாட்டப்பட்டிருக்கலாம். தகடு உறையிற் சிக்கிக் கோணியுமிருக்கலாம். ஒரு தோள்வார் இறுகி மற்றொன்று இறுகாவிடின், முதலில் இவ்விடத்தையே பார்த்தல் வேண்டும்.

யாம் புளியமர நிழலில் ஆசனத்தை வண்டியினின்று இறக்கித் திருப்பிப் பார்த்தபோது கண்டதும் இதுவே. முந்திய வாரம் உறையைத் துவைத்து மீண்டும் மாட்டியபோது, இடது தோள்வாரின் கண்ணி கொக்கியின் நுனியில் மட்டுமே தொங்கவிடப்பட்டிருந்தது. கடைவீதியிற் குழந்தையை இறக்குங்கால் வாரைத் தளர்த்தி இழுத்ததில், அது முற்றிலும் கழன்றுவிட்டது. அஃதாவது, அப்பக்கத்து வார் எதனோடும் பிணைக்கப்படாமல் வெறுந்துணியாய்க் கிடந்தது! அதன்மேல் முடிச்சிட்டிருந்தாலோ தைத்திருந்தாலோ, கண்ணுக்கு இறுகியதாகவே தோன்றியிருக்கும். அந்த நம்பிக்கையோடு மலையேறியிருப்போம். அதை நினைத்தபோது எம் உள்ளம் நடுங்கிற்று. முடிச்சும் தையலும் வாரின் வலிமையைக் குறைப்பதோடு, உண்மையான குறையையும் மறைத்துவிடுகின்றன. இறுகாத வார் நமக்குத் தொல்லையன்று. அஃது ஓர் எச்சரிக்கை.

கண்ணியைக் கொக்கியின் உட்புறம் வரை செலுத்தி, இருபுறமும் சமமாக்கி, ஆசனத்தை மீண்டும் பொருத்தினோம். அதன்பின் இரண்டு சோதனைகள் செய்தோம். தோளெலும்பருகே வாரை இரு விரல்களால் மேலும் கீழுமாகக் கிள்ளிப் பார்த்தால் மடிப்பு எழலாகாது. வண்டியின் வார் ஆசனத்தைப் பிணிக்கும் இடத்திற் பற்றி அசைத்தால், ஆசனம் ஓர் அங்குலத்துக்கு மேல் நகரலாகாது. இரண்டிலும் தேறிய பின்னரே வண்டி புறப்பட்டது. அன்னையார் குழந்தையின் பக்கத்தில் அமர்ந்து, வழிநெடுகக் கதை சொல்லிக்கொண்டு வந்தார்.

இத்துணையும் செய்தும் வார் இறுகாவிடின், அல்லது இழை பிரிந்திருப்பின், அல்லது ஆசனம் ஒரு பெரிய மோதலில் அகப்பட்டதாயின், அதனைப் பயன்படுத்துதலை நிறுத்திவிடுக. செய்தவரிடமே மாற்றுறுப்புப் பெறுதல் வேண்டும்; இயலாதாயின் புதியது வாங்குதல் வேண்டும். உறையைக் கழற்றி மாட்டிய ஒவ்வொரு முறையும் ஆசனத்தின் பின்புறத்தைக் காண்பதை வழக்கமாக்கிக்கொள்க. அன்று புளியமரத்தடியில் எமக்குக் கழிந்தது அரைமணி நேரம். வெள்ளிமலையில் எம் வரவை எதிர்நோக்கியிருந்தவர்கள் தாமதத்தைக் குறித்துச் சிறிது கடிந்துகொண்டனர். காரணத்தைக் கேட்டபின் ஒன்றும் சொல்லாது குழந்தையை வாங்கி அணைத்துக்கொண்டனர்.